ஆறாவது மாடியிலிருந்து தெரியும் சீனா

கேள்வி இது: சீனாவின் போராட்டங்களையும் அங்குள்ள மக்கள் மனநிலையையும் மேற்கத்திய நாடகங்களும் தொடர்களும் காட்டும் விதத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு தனி ஆள் சீன அரசின் கையில் சிக்கினால் அவருக்கு என்ன ஆகும் என்பதில் இந்த நாடகங்களைப் பெரும்பாலும் நம்பலாம். மக்கள் எப்படிப் போராடுகிறார்கள், அரசைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற விஷயத்தில் நம்புவது கடினம். எழுதுபவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அவர்கள் நின்று பார்க்கிற இடம் அப்படி. அந்த இடத்தை விலாசத்தோடே சொல்லலாம்: பெய்ஜிங் ஹோட்டல், ஆறாவது மாடி பால்கனி.

தியானன்மென் சதுக்கத்து ஜனநாயகப் போராட்டத்தை ராணுவம் சுட்டு ஒடுக்கிய மறுநாள், 1989 ஜூன் 5 அன்று, ஏபி செய்தி நிறுவனத்தின் ஜெஃப் வைடனர் அங்கிருந்துதான் அந்தப் படத்தை எடுத்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், கையில் பைகள், எதிரே வரிசையாக டாங்கிகள். கேமரா நிக்கான் எஃப்இ2. 400 மி.மீ. லென்ஸோடு அதன் நீளத்தை இரட்டிப்பாக்கும் துணை லென்ஸை மாட்டி 800 மி.மீ. ஆக்கியிருந்தார். கைவசம் இருந்த ஃபிலிம் தீர்ந்துபோக, ஓர் அமெரிக்க மாணவர் தேடிப் பிடித்துத் தந்தது 100 ஏஎஸ்ஏ ரோல். ஃபிலிமோ ஒளியை உணரும் வேகம் குறைந்தது, லென்ஸோ நீளம். ஷட்டர் வேகம் தேவைக்கு மிகக் கீழே இறங்கிவிட்டது. பல படங்கள் ஆடிப்போய், ஒன்றுதான் உருப்படியாகத் தேறியது. ஸ்டூவர்ட் ஃபிராங்க்ளின், சார்லி கோல், ராய்ட்டர்ஸின் சாங் ஹின் வா ஆகியோரின் புகழ்பெற்ற படங்களும் அதே ஹோட்டலின் மாடிகளிலிருந்து எடுத்தவையே.

நீள லென்ஸ் இரண்டு வேலை செய்யும். தூரத்தை நசுக்கி, டாங்கியை மனிதனின் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். சுற்றிலும் இருப்பதை வெட்டி எறியும். இருபது ஆண்டுகள் கழித்து, 2009இல், டெரில் ஜோன்ஸ் அதே நாளில் தரையில் நின்று எடுத்த படம் வெளிவந்தது. அதில் முன்னால் ஆட்கள் குனிந்தபடி ஓடுகிறார்கள். பின்னால், மிகச் சிறிய உருவமாக, பைகளோடு அந்த மனிதர் தெருவில் இறங்கி நிற்கிறார். டாங்கிகள் இன்னும் வந்து சேரவில்லை. அதே மனிதர்தான், ஆனால் இந்தப் படத்தில் தெரு இருக்கிறது. மாடியிலிருந்து எடுத்ததில் அவரும் அரசும் மட்டுமே இருக்கிறார்கள். மேற்கத்திய மேடைக்கு வந்து சேர்ந்தது மாடிப் படம்.

லூசி கிர்க்வுட் எழுதிய ‘கைமெரிக்கா’ இதற்கு நேரடி உதாரணம். 2013இல் லண்டன் அல்மெய்டா அரங்கில் லிண்ட்சி டர்னர் இயக்கத்தில் மேடையேறி, அடுத்த ஆண்டு சிறந்த புதிய நாடகத்துக்கான ஆலிவியர் விருது வாங்கியது. எஸ் டெவ்லின் அமைத்த சுழலும் கனசதுர மேடை அந்த நாடகத்தின் பாதி பலம். அந்த டாங்கி மனிதரைப் படமெடுத்தவர்களில் ஒருவராக ஜோ ஸ்கோஃபீல்ட் என்ற கற்பனை அமெரிக்கர். 2012இல், அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு துப்புக் கிடைக்க, தேடிப் புறப்படுகிறார். பெய்ஜிங்கில் அவருடைய நண்பர் ஜாங் லின். 1989இல் மனைவியைப் பறிகொடுத்தவர். இனி முடிவைச் சொல்லப் போகிறேன், பார்க்கும் எண்ணம் இருந்தால் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

டாங்கி மனிதர் ஜாங் லின்தான். பைகளில் இருந்தவை செத்துப்போன மனைவியின் உடைகள். ஜோ ஊர் ஊராகத் தேடிய ஆள் அவருடைய தொலைபேசியின் மறுமுனையிலேயே இருந்திருக்கிறார். நாடகமாகப் பார்த்தால் அசல் கைவேலை, மறுக்க முடியாது. ஒரு மேற்கத்தியர் தன் சீன நண்பனைப் பல ஆண்டு பார்த்தும் பார்க்கவில்லை என்று தன்னையே குத்திக் காட்டும் முடிவு அது. ஆனால் அந்தக் குத்தலுக்காக ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது: அரசியல் செயல் ஒன்று தனிப்பட்ட துக்கமாகச் சுருங்கிவிட்டது. மனைவி இறந்ததால் நின்றார். அப்படியானால் மனைவி இறக்காத லட்சக்கணக்கானோர் எதற்காக ஏழு வாரம் தெருவில் நின்றார்கள்?

அதற்கு விடை 1989இன் கோரிக்கைகளில் இருக்கிறது. முந்தைய ஆண்டு சீனாவில் பணவீக்கம் 18 சதவீதத்தைத் தாண்டியது. அரசு விலைக்கு வாங்கிய சரக்கைச் சந்தை விலைக்கு விற்று அதிகாரிகளின் பிள்ளைகள் கொழுத்தார்கள். அதற்குச் சீனத்தில் ‘குவான்தாவ்’ என்றே தனிச்சொல் இருந்தது. ஏப்ரல் 15இல் சீர்திருத்தவாதியான முன்னாள் கட்சிப் பொதுச் செயலர் ஹூ யாவ்பாங் இறந்ததும் திரண்ட மாணவர்கள் ஏப்ரல் 22 அன்று செய்ததைப் பாருங்கள். மக்கள் மாமன்றக் கட்டடத்தின் படிகளில் மூன்று பேர் மண்டியிட்டு, மனுவைத் தலைக்குமேல் இரு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, பிரதமர் லீ பெங் வந்து வாங்கட்டும் என்று காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. அரசவையில் குடிமகன் மனு நீட்டும் பழைய தோரணை அது. இந்தக் காட்சி வெளிநாட்டில் அதிகம் பேசப்படுவதில்லை. மே 30இல் நிறுத்திய ஜனநாயக தேவி சிலை அமெரிக்கச் சுதந்திர தேவியை நினைவூட்டியதால் அதுவே எல்லா இடத்திலும் வரும்.

இன்னொன்று. மே 23 அன்று ஹூனான் மாகாணத்திலிருந்து வந்த மூன்று பேர் மாவோ படத்தின்மீது சாயம் நிரப்பிய முட்டைகளை எறிந்தார்கள். அவர்களைப் பிடித்துப் போலீசிடம் ஒப்படைத்தது யார்? போராட்ட மாணவர்களின் ஒழுங்குக் குழு. இயக்கத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்ற பயம். அவர்களுக்குக் கிடைத்த தண்டனை: ஒருவருக்கு ஆயுள், ஒருவருக்கு 20 ஆண்டு, ஒருவருக்கு 16 ஆண்டு. நாடகாசிரியருக்கு இதைவிடப் பெரிய கரு கிடைக்காது. ஆனால் இதில் நல்லவன் கெட்டவன் பிரிக்க முடியாது. அதனாலேயே மேடைக்குப் போவதில்லை போலும்.

உயிர்ப்பலி விஷயத்திலும் மாடிப் பார்வை குழப்பும். ஜூன் 3 இரவில் மிக மோசமான துப்பாக்கிச்சூடு நடந்தது சதுக்கத்துக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, மூஷிடி பகுதியில். செத்தவர்களில் தொழிலாளர்களும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புவாசிகளும் நிறைய. மேடையில் வருவதோ கிட்டத்தட்ட எப்போதும் சதுக்கமும் மாணவர்களும்.

சரி, அன்றாடம் சீனாவில் போராட்டம் எப்படித்தான் நடக்கிறது? கெவின் ஓபிரையன், லீ லியான்ஜியாங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிராமப்புறங்களைப் பார்த்து ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: அரசின் சட்டத்தையும் அரசின் வாக்குறுதியையும் எடுத்து, அதே அரசின் கீழ்மட்ட அதிகாரி முகத்தில் நீட்டுவது. ‘பெய்ஜிங் இப்படிச் சொல்லியிருக்கிறதே, நீ ஏன் செய்யவில்லை?’ சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்கிறோமே, அதற்குச் சீனர்களிடம் ஒட்டிப்பிறந்த பழமொழி உண்டு: வேதம் நல்ல வேதம்தான், வாய்கோணிய பிக்கு தப்பாக ஓதிவிட்டான். இதற்கென்றே ‘ஷின்ஃபாங்’ என்ற மனு அலுவலகங்கள் எல்லா மட்டத்திலும் இருக்கின்றன. கீழே தீராவிட்டால் மேலே, மேலே தீராவிட்டால் பெய்ஜிங். தங்கள் ஊர் மனுதாரர் தலைநகருக்குப் போனால் உள்ளூர் அதிகாரிகளின் மதிப்பெண் குறையும் என்பதால், ரயில் நிலையத்திலேயே மடக்கித் திருப்பிக் கூட்டிப்போக ஆட்களை அனுப்புவார்கள்.

குவாங்டோங் மாகாணத்து வூக்கான் கிராமம் (கொரோனா வூஹான் வேறு) 2011இல் செய்தது இதன் உச்சம். நிலத்தை விற்றுத் தின்ற உள்ளூர் நிர்வாகத்தைக் கிராமமே விரட்டியது. கிராமப் பிரதிநிதி ஒருவர் காவலில் இறந்தார். போலீஸ் முற்றுகை. அந்த நிலையிலும் அவர்கள் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஆதரவு முழக்கம் எழுப்பி, மத்திய அரசே காப்பாற்று என்றார்கள். 2012இல் தேர்தல் வைத்துப் போராட்டத் தலைவர் லின் ஜூலுவானைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016இல் லஞ்சக் குற்றச்சாட்டில் அவர் சிறைக்குப் போனார். அந்த முழக்கம் நடிப்பா, நம்பிக்கையா, கவசமா? மூன்றும்தான். மேடையில் ஒரு நடிகர் இந்த மூன்றையும் ஒரே வரியில் கொண்டுவர வேண்டும். எழுதியவர் ‘நடிப்பு’ என்று மட்டும் முடிவு கட்டியிருந்தால் அந்தக் காட்சி பொய்யாகிவிடும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. சீனப் பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கணக்கில் ‘கூட்டு நிகழ்வுகள்’ 1993இல் 8,700, 2005இல் 87,000. பிறகு அந்தக் கணக்கை வெளியிடுவது நின்றுவிட்டது. ஆக, போராட்டம் அபூர்வம் என்ற எண்ணமே தவறு. அபூர்வமானது ஊர்கள் ஒன்றோடொன்று கைகோப்பது. ஹார்வர்டின் கேரி கிங் குழு 2013இல் காட்டியதும் இதையே: இணையத்தில் அரசைத் திட்டும் பதிவுகள் பல தப்பிக்கின்றன, ஆட்களை ஓரிடத்தில் திரட்டக்கூடிய பதிவுகள், அரசைப் புகழ்ந்தாலும்கூட, அழிக்கப்படுகின்றன. நாடகத்தில் ஒருவர் தலைவரைக் கேலி செய்த மறுநிமிடம் கதவு தட்டப்பட்டால் சந்தேகப்படுங்கள். அவர் ஒரு தேதியும் இடமும் குறிப்பிட்டிருந்தால் நம்புங்கள்.

அதனால்தான் ‘கைமெரிக்கா’வில் டாங்கிக் கதையைவிட அதன் கிளைக்கதை உண்மைக்கு நெருக்கமானது என்பேன். புகைமூட்டத்தால் பக்கத்து வீட்டு மூதாட்டி இறந்துபோக, ஜாங் லின் அதைப் பற்றி வாய்திறக்கிறார், பிடிபடுகிறார். மூச்சு, தண்ணீர், நிலம், கூலி: சீனாவில் கூட்டம் திரள்வது பெரும்பாலும் இவற்றுக்காக. அமெரிக்கத் தூதரகம் 2008 முதல் பெய்ஜிங் காற்றை அளந்து வெளியிட்டது. 2011 இறுதியில் பான் ஷீயி என்ற ரியல் எஸ்டேட் அதிபர் வெய்போ என்ற சீனச் சமூக ஊடகத்தில், பி.எம். 2.5 நுண்துகள் அளவை அரசே வெளியிட வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தினார். 2012 ஜனவரியில் பெய்ஜிங் நகராட்சி வெளியிடத் தொடங்கியது. 2013 ஜனவரி 12இல் தூதரகக் கருவி காற்று மாசுக் குறியீட்டில் 755 காட்டியது. அந்த அளவுகோல் முடிவதே 500இல்! 2007 ஜூனில் ஷியாமென் நகரில் பாராசைலீன் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும் ஆலைக்கு எதிராகத் திரண்டவர்கள் அதை ஊர்வலம் என்றே சொல்லவில்லை, ‘சான்பூ’ என்றார்கள். காலாற நடப்பது என்று பொருள். நடக்கிறவனை என்ன சட்டத்தில் பிடிப்பது? 1,080 கோடி யுவான் ஆலை வேறு ஊருக்குப் போனது. போன இடத்தில் 2013இலும் 2015இலும் வெடித்தது.

மக்கள் கருத்துக்கு வருவோம். நாடகங்களில் சீனப் பொதுமக்கள் இரண்டு வகை: மூளைச்சலவை செய்யப்பட்டவர்கள், அல்லது உள்ளுக்குள் சுதந்திரத்துக்கு ஏங்கி வாய்மூடி இருப்பவர்கள். கணக்கெடுப்புகள் காட்டும் படம் வேறு. ஹார்வர்டின் ஆஷ் மையம் 2003 முதல் 2016 வரை எட்டுச் சுற்றுகளில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை நேரில் கேட்டது. மத்திய அரசின்மீது திருப்தி 86.1 சதவீதத்திலிருந்து 93.1க்கு ஏறியது. ஊர்மட்ட நிர்வாகத்தின்மீது 43.6இலிருந்து 70.2. இரண்டும் ஏறியிருக்கின்றன, இடைவெளி மட்டும் மறையவில்லை. பூசாரிக் கணக்கு எண்ணிலும் தெரிகிறது.

பயத்தில் சொல்லியிருப்பார்கள் என்பீர்கள். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு குழுவிடம் சாதுவான மூன்று வாக்கியங்களைக் கொடுத்து, இவற்றில் எத்தனையை ஏற்கிறீர்கள், எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். இன்னொரு குழுவுக்கு அதே மூன்றோடு கட்சியை ஆதரிக்கிறேன் என்ற நான்காவது வாக்கியம். எதை ஏற்றார் என்று யாருக்கும் தெரியாது என்பதால் பயம் குறைவு. முதல் குழுவின் சராசரி 1.8, இரண்டாவதன் சராசரி 2.4 என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 0.6, அதாவது 60 சதவீதம் ஆதரவு. 2024இல் வெளியான ஓர் ஆய்வு இந்த முறையில் சீனாவில் கேட்டபோது, நேரடிக் கேள்வியில் 90க்கு மேல் வந்த ஆதரவு 50 முதல் 70 வரை இறங்கியது. பயம் உண்மை. பயத்தைக் கழித்த பிறகும் பாதிப் பேருக்குக் குறையாமல் ஆதரிப்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒரே குடும்பச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைக்கும் நாடகம்தான் விஷயம் தெரிந்த நாடகம்.

மேடை தொடத் தயங்கும் இன்னொரு போராட்டம் தேசியவாதக் கூட்டம். ‘கைமெரிக்கா’ நடக்கும் அதே 2012இல் சீனத் தெருக்களை நிறைத்தது ஜனநாயகக் கோரிக்கையா? இல்லை, இரு நாடுகளும் உரிமை கொண்டாடும் தியாவ்யூ தீவுகளுக்காக ஜப்பானை எதிர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் நடந்த ஆர்ப்பாட்டம். சியான் நகரில் டொயோட்டா காரில் வந்த சீனர் ஒருவருக்கே மண்டை உடைந்தது. அரசு முதலில் விட்டுப்பிடித்தது. கை மீறும் என்று தெரிந்ததும் நிறுத்தியது. அதிலும் சிலர் மாவோ படத்தைத் தூக்கி வந்தார்கள். அப்போதைய தலைவர்களுக்கு அது ஒரு மறைமுகக் குத்து.

நன்றாகச் செய்த நாடகங்களும் உண்டு. பிரான்சஸ் யா-சூ கௌஹிக்கின் ‘தி கிங் ஆஃப் ஹெல்ஸ் பேலஸ்’ 2019இல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் அரங்கில் வந்தது. 1990களில் ஹெனான் மாகாணக் கிராமங்களில் ரத்தம் விற்ற கதை. விவசாயியிடம் ரத்தம் எடுத்து, பலருடையதை ஒன்றாகக் கலந்து, பிளாஸ்மாவைப் பிரித்துக்கொண்டு, மிச்சச் சிவப்பணுக்களை அவருக்கே திருப்பி ஏற்றுவார்கள். ரத்தம் குறையாது, அடிக்கடி விற்கலாம்; ஒருவருக்கு எச்ஐவி இருந்தால் எல்லாருக்கும். அதை வெளிக்கொண்டுவந்த மருத்துவர் வாங் ஷூபிங் தெருவில் கொடி பிடிக்கவில்லை. மாதிரி எடுத்தார், சோதித்தார், மேலதிகாரிக்கு அறிக்கை கொடுத்தார்; வேலை போனது. நாடகத்தை நிறுத்தச் சொல்லிச் சீனாவிலுள்ள உறவினர்களுக்கு அதிகாரிகள் நெருக்கடி கொடுத்ததாக அவரே சொன்னார், அவர் பணியவில்லை. அரங்கேற்றத்தை ஒட்டிய அதே செப்டம்பரில் மாரடைப்பில் இறந்தார். ஹாவர்ட் பிரென்டன் 2013இல் எழுதிய, சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யின் கைதைப் பற்றிய நாடகமும் தன் எல்லை அறிந்தது: 81 நாள் காவல், விலகாமல் நிற்கும் இரண்டு காவலர்கள், அறை. சீன மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அது சொல்ல வரவே இல்லை.

எதிர்முனையில், இந்தப் பார்வைக் கோளாறைத் தானே கேலி செய்த படைப்பு அமெரிக்க அதிபர் நிக்சனின் சீனப் பயணத்தைப் பற்றிய ஜான் ஆடம்ஸின் 1987 ஓப்பரா ‘நிக்சன் இன் சைனா’. இரண்டாம் அங்கத்தில் விருந்தினருக்காகச் செம்படைப் பெண்கள் நடன நாடகம் நடக்கிறது. மேடையில் ஓர் ஏழைப் பெண்ணைச் சாட்டையால் அடிக்கிறார்கள். பார்வையாளராக இருந்த நிக்சனின் மனைவி பொறுக்கமாட்டாமல் ஓடிப்போய்க் காப்பாற்றப் பார்க்கிறார். அவள் நடிகை என்பது மறந்துபோகிறது. மேற்கத்திய நாடகம் சீனப் போராட்டத்தைப் பார்க்கும் விதத்தை அந்த ஓட்டம் ஒன்றே காட்டிவிடும்.

மொழியையும் கவனியுங்கள். சீனர்கள் தமக்குள் பேசும்போதும் உடைந்த ஆங்கிலம் பேசினால், பாத்திரத்தின் அறிவே உடைந்ததாகக் காதில் விழும். வெளிநாட்டவரிடம் தடுமாறும் ஆங்கிலம், தமக்குள் சரளம் என்று பிரிப்பது நல்ல வழி. டேவிட் ஹென்றி ஹுவாங் ‘சிங்லிஷ்’ நாடகத்தில் மாண்டரினையே பேசவைத்து மேலே மொழிபெயர்ப்பை ஓடவிட்டார். நடிகர் தேர்வு கதை இன்னும் மோசம்: 2012இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி சீனச் செவ்வியல் நாடகமான ‘ஜாவ் வீட்டு அநாதை’யைப் போட்டபோது 17 பேரில் கிழக்காசிய வம்சாவளியினர் மூவரே; கிடைத்தவை வேலைக்காரி, நாய் போன்ற வேடங்கள். பெரிய சண்டை ஆனது.

காட்சியை இடம் மாற்றியது யார் என்பதும் சில நேரம் தலைகீழாக இருக்கும். 2024இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘3 பாடி பிராப்ளம்’ தொடர், சீன அறிவியல் புனைகதை எழுத்தாளர் லியூ சிஷினின் கதை, கலாசாரப் புரட்சியில் ஒரு பேராசிரியரை மேடையேற்றி அடித்துக் கொல்லும் காட்சியோடு தொடங்குகிறது. சீனாவைக் கேவலப்படுத்தவே மேற்கத்தியர் இதை முன்னால் வைத்தார்கள் என்று சீன இணையத்தில் பலர் கொதித்தார்கள். மூலத்தில் ஆசிரியரே முதலில் வைத்த காட்சி அது; சீனப் புத்தகப் பதிப்பில் நடுவுக்குத் தள்ளப்பட்டு, 2014 ஆங்கில மொழிபெயர்ப்பில் பழைய இடத்துக்குத் திரும்பியது. அங்கேயே இதை எடுத்துச் சொல்லி வாதாடிய சீன வாசகர்களும் இருந்தார்கள். அந்த வாக்குவாதம்தான் மக்கள் கருத்து.

கடைசியாக, உரைகல்லாக வைத்துக்கொள்ளச் சில இரவுகள். 2022 நவம்பர் 24இல் ஷின்ஜியாங் பகுதியின் தலைநகர் உரும்சியில் அடுக்ககத் தீயில் பத்துப் பேர் இறந்தார்கள். கொரோனா முடக்கத் தடுப்புகளால் தப்பமுடியவில்லை என்று கொதித்து, ஷாங்காயில் உரும்சி பெயர் கொண்ட சாலையிலேயே கூட்டம் கூடியது. கையில் ஒன்றும் எழுதாத ஏ-4 தாள். ஷாங்காயில் சிலர் கட்சியே இறங்கு என்று கத்தினார்கள். பல இடங்களில் பாடியது தேசிய கீதம். ‘அடிமையாக இருக்க மறுப்போரே, எழுங்கள்’ என்பது அதன் முதல் அடி. அந்த ஏப்ரலிலேயே வெய்போ அதற்குப் பூட்டுப் போட்டிருந்தது. பெய்ஜிங்கில் லியாங்மா ஆற்றோரம், கூட்டத்தில் வெளிநாட்டுச் சக்திகள் இருப்பதாக ஒருவர் எச்சரித்தார். ‘யாரைச் சொல்கிறீர்கள், மார்க்சையும் எங்கெல்சையுமா?’ என்று பதில் வந்தது. முடக்கத்துக்கு எதிராகக் கோஷம் போடாதீர்கள் என்று போலீஸ் சொன்னபோது, ‘எனக்குப் பரிசோதனை வேண்டும், முடக்கம் வேண்டும்’ என்று கூட்டம் கோஷம் போட்டது. இதை மேடையேற்றும் நாடகம் வந்தால், அந்த வரிக்கு நடிகர்களைச் சிரிக்கவிடுகிறார்களா, கண்ணீர் விடச் சொல்கிறார்களா என்று பாருங்கள். அன்று அங்கே சிரித்தார்கள்.